தோட்டா நீங்கலாக

பெறுநர்: நிர்வாகக் குழுவினர், ஆர்.இ.ஐ. நுகர்வோர் கூட்டுறவுச் சங்கம், வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.

பொருள்: சைக்கிள் ஹெல்மெட் கொள்முதலில் பாவ புண்ணியம் பார்த்தல் – எல்லை வரையறை – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

சைக்கிள் ஹெல்மெட் என்பது வெளியே மெல்லிய பிளாஸ்டிக் ஓடும் உள்ளே கெட்டி நுரையும் கொண்ட பொருள். தலை தரையில் மோதும்போது நுரை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் விற்கும் ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும், பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டது என்ற உறுதிமொழியும் இருக்கும். விற்ற லாபம் எந்த முதலாளிக்குப் போகிறது என்பது மட்டும் இராது. 2018-இல் தகராறு வந்தது அந்த முதலாளியைப் பற்றித்தான்.

முதலாளியின் பெயர் விஸ்டா அவுட்டோர். 2015-இல் அலையன்ட் டெக்சிஸ்டம்ஸ் என்ற ஆயுத நிறுவனத்திலிருந்து பிரிந்து வந்தபோதே, ஃபெடரல் தோட்டாவையும் சாவேஜ் துப்பாக்கியையும் சீதனமாகக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் கேமல்பேக் தண்ணீர்ப் பையையும், 2016-இல் பெல், ஜிரோ ஹெல்மெட்களையும் வாங்கிச் சேர்த்தது. கேமல்பேக் பிறந்த கதை சுவையானது. 1989-இல் டெக்சாஸில் கொளுத்தும் வெயிலில் நடந்த சைக்கிள் பந்தயத்தில், அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர் மருத்துவமனையில் ஏற்றும் சேலைன் பையில் தண்ணீர் நிரப்பி, அதைக் காலுறைக்குள் திணித்து முதுகில் செருகி, குழாயைத் தோள்மேல் இழுத்துத் துணி கிளிப்பால் கவ்வவிட்டு ஓட்டினார். அந்தப் பை பிற்பாடு ராணுவத்தினர் முதுகிலும் ஏறியது. ஆகவே விஸ்டா வரும்வரை சைக்கிள் சாமான் உலகம் ஒரு பாவமும் அறியாதிருந்தது என்று சொல்வதற்கில்லை.

2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்ட துப்பாக்கி சாவேஜ் செய்ததன்று, வேறொரு நிறுவனத்துடையது. ஆனால் அதே வகைத் துப்பாக்கியைச் சாவேஜும் செய்துவந்தது. மார்ச் 1 அன்று சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. சங்கம் துப்பாக்கி விற்பதில்லை. துப்பாக்கியும் தோட்டாவும் செய்து விற்பவர்களே வன்முறையைத் தடுக்க வழிகாண வேண்டும். விஸ்டா எதுவும் சொல்ல முன்வராததால் இனி அதன் பொருள்களுக்கு ஆர்டர் கொடுப்பது நிறுத்திவைக்கப்படுகிறது. உறுப்பினர்கள் மனுப் போட்டதால் கனடாவின் எம்.இ.சி. கூட்டுறவும் அப்படியே செய்தது. கடையில் ஏற்கெனவே இருப்பவை விற்றுத் தீரும்வரை இருக்கும் என்றும் அது சேர்த்துச் சொன்னது. இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: அலமாரிக்கு வந்துவிட்ட ஹெல்மெட்டில் பாவம் இல்லை, அடுத்த லாரியில் வருவதில்தான் இருக்கிறது. கணக்குப்படி இதில் தவறில்லை. பணம் முதலிலேயே விஸ்டாவுக்குப் போய்விட்டது. சரக்கு தேங்கினால் நட்டம் கூட்டுறவுக்கு.

அந்த மே மாதமே விஸ்டா தான் கைகழுவ நினைப்பவற்றைப் பட்டியலிட்டது. சாவேஜ் இருந்தது, பெல்லும் ஜிரோவும்கூட இருந்தன. தோட்டா மட்டும் அதில் இல்லை. கடைசியில் ஹெல்மெட்கள் விலைபோகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டன. சாவேஜ் 2019 ஜூலையில் 17 கோடி டாலருக்குக் கைமாறியது. வாங்கியது சாவேஜின் நிர்வாகிகள் தலைமையிலான முதலீட்டாளர் குழு. துப்பாக்கி உற்பத்தி நிற்கவில்லை, அதை நடத்துகிறவர்களும் மாறவில்லை. பத்திரத்தில் பெயர் மாறியதுதான் மிச்சம். சங்கமும் விஸ்டாவுக்கு மீண்டும் ஆர்டர் கொடுக்க முன்வந்தது.

ஃபெடரல் தோட்டா அப்போதும் விஸ்டாவிடமே இருந்தது. ஆக, சங்கத்தின் நடைமுறைப்படி துப்பாக்கி தீட்டு, தோட்டா தீட்டல்ல. 2018 அறிக்கையில் இரண்டும் அடுத்தடுத்த சொற்களாக நின்றன. 2019-இல் ஒன்று எப்படி உதிர்ந்தது என்பது விளங்கவில்லை. தோட்டா இல்லாத துப்பாக்கியால் ஒருவரை அடிக்கலாமே தவிர, சுட முடியாது. 2020-இல் விஸ்டா, திவாலான ரெமிங்டனின் தோட்டாத் தொழிலையும் எட்டுக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. துப்பாக்கியை விற்று வந்ததில் ஏறத்தாழப் பாதித் தொகை அது. ஹெல்மெட் வாங்குபவரின் காசு தோட்டாக் கணக்கோடு இன்னும் நெருங்கி உட்கார்ந்ததே தவிர விலகவில்லை.

கனடாவில் நடந்தது வேறு வகை. மனுப் போட்டு ஆர்டரை நிறுத்தவைத்த உறுப்பினர்களைக் கேட்காமலே எம்.இ.சி. 2020-இல் ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அடுத்த மனுவை யாரிடம் கொடுப்பது என்று அவர்கள் விசாரித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஹெல்மெட்டையும் தோட்டாவையும் கடைசியில் பிரித்துவைத்தது விலைதான். 2024 நவம்பரில் தோட்டாத் தொழில் செக் நாட்டு ஆயுத நிறுவனமான சி.எஸ்.ஜி.க்குப் போனது, 2025 ஜனவரியில் மீதி ஒரு முதலீட்டு நிதியத்துக்குப் போனது. அந்த நிதியத்தின் பெட்டியில் வேறு என்னென்ன இருக்கின்றன என்பதைக் கடையில் நிற்கும் வாடிக்கையாளர், ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழ் மாட்டிப் பார்க்கும் நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

எனவே, 2018-இல் விதித்த தடை 2019-இல் துப்பாக்கியோடு ஏன் முடிந்தது, தோட்டாவுக்கு ஏன் நீளவில்லை என்பதற்கும், இனி ஹெல்மெட்டின் உரிமையாளர் மாறும்போதெல்லாம் அவர் செய்யும் மற்றத் தொழில்களை உறுப்பினருக்கு அறிவிப்பது யார் பொறுப்பு என்பதற்கும் எழுத்துமூலம் விளக்கம் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
ஓர் ஆயுள் உறுப்பினர்