ஆமெனுக்குப் பின்னரே நுங்கு

தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டு ஊர்களில், அதாவது காற்று குவித்த செம்மணல் மேடுகளை ஒட்டிப் பனையை நம்பி வளர்ந்த சாத்தான்குளம், நாசரேத், உடன்குடி வட்டாரத்துச் சிற்றூர்களில், கிறிஸ்தவ விசுவாசம் பாட்டனிடமிருந்து பேரனுக்குக் கைமாறும் பருவம் டிசம்பர் என்று வெளியூரார் கருதுவதுண்டு. டிசம்பரில் கைமாறுவன பெரும்பாலும் புதுச்சட்டையும் கேக்கும்தான். சென்னையிலும் பெங்களூரிலும் வளரும் பேரப்பிள்ளைகள், பள்ளி மூடிய மறுநாளே ரயிலேற்றி ஆச்சி வீட்டுக்கு அனுப்பப்படும் மே மாதமே விசுவாசம் கைமாறும் மெய்யான காலம். அதற்கு வேண்டிய கருவிகள் ஒரு பாய், ஓரம் கிழிந்த ஒரு பாட்டுப் புத்தகம், ஒரு குலை நுங்கு, இவற்றோடு மின்வெட்டு.

இவ்வட்டாரத்துச் சபை வரலாற்றை எழுதுவோர் 1799ஐத் தவறாமல் குறிப்பிடுவர். சுந்தரானந்தம் தாவீது என்னும் உபதேசியார் (உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாமலே சபையை நடத்தும் ஊழியர்) துன்புறுத்தலுக்கு ஆளான புதிய கிறிஸ்தவர்களுக்காக நிலம் வாங்கி முதலூரை உண்டாக்கியது அந்த ஆண்டில்தான். இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டதும் பேருந்தில் இருப்பவர்களுக்கு நினைவில் எழுவது தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வாவே என்றாலும், விசுவாசமும் தின்பண்டமும் இங்கே ஒருபோதும் தனிக்குடித்தனம் நடத்தியதில்லை என்பதை அறிந்தோர் அதனை வீழ்ச்சியாகக் கொள்ளமாட்டார்கள். அண்மையிலுள்ள இடையன்குடிக்கு 1841இல் வந்து சேர்ந்த மிஷனரி கால்டுவெல் எழுப்பிய ஆலயம், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டப்பட்டு 1880இல்தான் பிரதிஷ்டையாயிற்று. பொறுத்திருப்பது இப்பகுதியின் பெரியவர்களுக்கு இவ்வாறு பரம்பரைச் சொத்தாக வாய்த்திருக்க, பேரப்பிள்ளைகளுக்கு அது மே மாதத்தில் வலுக்கட்டாயமாகக் கற்பிக்கப்படுகிறது.

பாடம் விடியற்காலையில் பதநீருடன் தொடங்கும். பனையேறி காலையும் மாலையும் மரமேறிப் பாளையின் நுனியைச் சீவிவிட, அதிலிருந்து சொட்டும் சாறு கலயத்தில் சேர்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் பதநீராகவும், தடவாவிட்டால் கள்ளாகவும் இறங்குகிறது. ஆக, ஜெபித்துவிட்டுக் குடிக்கும் பானத்துக்கும், குடித்ததற்காக ஐயரிடம் (இங்கே ஐயர் என்றால் சபையின் குருவானவர்) போகும் புகாருக்கும் நடுவே நிற்பது விரலளவு சுண்ணாம்புதான். ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் பதநீரை ஊற்றி, அதில் இரண்டு நுங்குச் சுளையையும் போட்டு மாமா நீட்டும்போது, நகரத்துப் பிள்ளை அதனை ஒற்றைக் கையால் தம்ளரைப் போலப் பிடித்து, பாதியைச் சட்டைக்கும் மீதியைத் தெருநாய்க்கும் காணிக்கையாக்கும். இரு கைகளையும் குவித்து, தலையைத் தாழ்த்தி, வாயைப் பட்டைக்குக் கொண்டுபோனால்தான் பதநீர் வாய்க்குள் போகும். திருவிருந்துக்கு முழங்காற்படியிடும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் இந்தத் தோரணை புதிதாகத் தோன்றாது என்று ஆச்சிமார் நம்புகின்றனர். இறையியல் கல்லூரிகள் இதைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

காலை 9 மணிக்குமேல் பிள்ளைகள் வி.பி.எஸ். எனப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஓட்டப்படுவர். கையும் காலும் ஆட்டிப் பாடும் பாட்டு, மனப்பாட வசனம், கதை, பிஸ்கட் என்னும் வரிசையில் நடக்கும் இந்தப் பள்ளியின் மூலத்தைத் தேடினால், 1898இல் நியூயார்க்கில் ஹாஸ் என்னும் அம்மையார் ஏழைப் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்க இடம் கிடைக்காமல் வாடகைக்கு எடுத்த பீர்க்கடையில் போய் முடிகிறது. சுண்ணாம்புக்கு அத்தனை முக்கியத்துவம் தரும் சபையாருக்கு இச்செய்தியை மெதுவாகத்தான் சொல்லவேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளாகப் பார்த்து நோவாவின் வெள்ளத்தை நடித்துக் காட்டுவதும், அந்த நாடகத்தில் ஒட்டகமாக நடிக்க ஒருவரும் முன்வராததால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆசிரியையே ஒட்டகமாவதும் வழக்கத்தில் உள்ளவை.

மதிய உறக்கத்துக்கும் வேத ஆதாரம் இருக்கிறது. வனாந்தரத்தில் சோர்ந்து சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவை, தேவதூதன் கடிந்துகொள்ளாமல், அப்பமும் தண்ணீரும் கொடுத்து உண்ணச் செய்ததையும், உண்டவர் மறுபடி படுத்துக்கொண்டதையும் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் தெரிவிக்கிறது. தாத்தாமார் அதிகாரத்தின் எஞ்சிய பகுதியை மேற்கோள் காட்டுவதில்லை.

ஒரு சனிக்கிழமை மணப்பாட்டுக் கடற்கரைக்கு வேன் புறப்படும். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையைச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்னும் புராட்டஸ்டண்டு சபை) குடும்பத்தார் மண்டியிடாமலும், அதேசமயம் மரியாதை குறையாமலும் எட்டிப் பார்த்துவிட்டு வெளியேறுவது கூர்ந்து கவனிக்கத்தக்க உடல்மொழி. உயிர்த்தெழுந்த ஆண்டவரே கடற்கரையில் கரிநெருப்பு மூட்டிச் சீடருக்கு மீன் கொடுத்தார் என்று யோவான் 21ஐச் சுட்டிக்காட்டி, ஆச்சி சீலா மீனுக்கு விலை பேசத் தொடங்குவார்.

ஆயினும் கோடையின் மையம் இரவு 7 மணிக்குக் கூடும் குடும்ப ஜெபமே. பாட்டு ஒன்று பாடப்பட்டபின் வேதவாசிப்பு நடக்கும். ஆளுக்கொரு வசனமாகச் சுற்றிவரும் அதில், நாளாகமத்தின் வம்ச அட்டவணை வந்துவிட்டால், தன் முறைக்கு எந்தப் பெயர் விழும் என்று பிள்ளைகள் முன்கூட்டியே விரல்விட்டு எண்ணி, கடினமான பெயருக்கு முன்னால் தண்ணீர் குடிக்க எழுந்துபோவர். பிறகு தாத்தாவின் ஜெபம். அது உலக சமாதானத்தில் தொடங்கி, அரசாங்கத்தைக் கடந்து, மும்பை அத்தையின் மூட்டுவலி, துபாய் மாமாவின் விசா, சினைமாடு என்று இறங்கிவருவதால், குடும்பச் செய்திகள் அனைத்தையும் பிள்ளைகள் அறிவது இங்கேதான். தாழ்வாரத்தில் நுங்குக் குலை கிடப்பதைத் தாத்தா ஆண்டவருக்கு நினைவூட்டுவதே இல்லை.

ஜெபத்தின் நடுவில், “அண்ணன் தம்பிக்குள்ளே பேச்சில்லாமல் இருக்கிற காரியத்தையும் உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம்” என்று ஒரு வேண்டுதல் எழும்பும். கிணற்றடிச் சுவரை முன்னிட்டுப் பேசாதிருக்கும் பெரிய மாமாவும் சின்ன மாமாவும் அதே பாயின் இரு முனைகளில் கண்மூடி உட்கார்ந்திருப்பர். ஜெபத்தில் குறுக்கிடுவது வழக்கமில்லை ஆதலால், மறுமொழி அவரவர் ஜெபிக்கும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். சுவரைத் தம் பக்கம் ஒரு முழம் தள்ளிக் கட்டிய “பலவீனமான சகோதரரை” மன்னிக்கும்படி சின்ன மாமா உருக்கமாக மன்றாட, அளவுகோல் பிடிக்கத் தெரியாத “இளைய விசுவாசிக்கு” ஞானக்கண்ணைத் திறக்கும்படி பெரிய மாமா அதனினும் உருக்கமாக மன்றாடுவார். நேருக்கு நேர் சொன்னால் அரிவாளில் முடியக்கூடிய சொற்கள், மூன்றாமவர் ஒருவர் வழியாகச் செல்வதால், குரல் உயராமல் சென்று சேர்கின்றன.

ஆமென் சொன்னதும் அரிவாள் வெளிவரத்தான் செய்கிறது; நுங்கு சீவுவதற்கு. பெரிய மாமா காயின் தலையைச் சீவி நீட்ட, வேறு வழியின்றிச் சின்ன மாமா வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுப்பார். ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண்களே இருப்பதால், கட்டைவிரலை உள்ளே செலுத்திச் சுளை கிழியாமல் நெம்பத் தெரிந்த பிள்ளைக்கு முழுதாகவும், தெரியாத பிள்ளைக்கு முகமெல்லாம் நீராகவும் கிடைக்கும். “எண்ணே, இது முத்திப் போச்சு, வேற வெட்டு” என்று தம்பி சொல்லும் வாக்கியம், சில வாரங்களுக்குப் பிறகு அவ்விருவருக்குமிடையே நேரடியாகப் பரிமாறப்படும் முதல் வாக்கியமாக இருப்பது உண்டு. சமாதானம் முற்றுப்பெற்றதென்று எல்லாரும் எண்ணும் வேளையில், நாளைக்கு முதல் ஜெபம் சின்னவன்தான் செய்யவேண்டும் என்று ஆச்சி அறிவிக்க, பெரியவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றடிச் சுவரை அளக்க டார்ச் லைட்டைத் தேடத் தொடங்குவார்.