மடையில் பார்த்தீர்களா, வயலில் பார்த்தீர்களா?

கே: முன்பின் தெரியாத ஒருவருடைய வலைத்தளம் நின்றுபோனால் நமக்கென்ன அண்ணாச்சி? ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து அவருக்குப் பதில் எழுதணுமா?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

ப: ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனில் இறங்குகிற வெளியூர்க்காரர் சிவசைலம் கோயிலுக்கு வழி கேட்டால், 'எந்த ஊர், யார் வீடு' என்று விசாரித்துவிட்டா சொல்கிறோம்? பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லி அனுப்புகிறோம். அதே வேலைதான் இது. அதோடு எனக்கு ஒரு கடன் பாக்கி. நான் எழுதிய முதல் வலைப்பக்கம் திறக்கவே இல்லை. 41ஆவது வரியில் பிழை என்று திரை சொன்னது. மூன்று நாள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியாத ஒருவர், '40ஆவது வரியின் கடைசியைப் பாருங்கள்' என்று எழுதினார். அங்கே ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. அவரைத் தேடிப் பிடிக்க எனக்கு வழியில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கே: நான் பரமகல்யாணி கல்லூரியில் வணிகவியல் படிக்கிறேன். கம்ப்யூட்டர் படிப்பு இல்லை. என்னால் இந்த உதவியைச் செய்ய முடியுமா?
- ஒரு மாணவி, ஆழ்வார்குறிச்சி

ப: தாராளமாக முடியும் தாயி. இதில் பாதி வேலை கேட்கத் தெரிவதுதான். 'சைட் வரலை' என்று எழுதுவார்கள். 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டர் மருந்து எழுதுவார்? திரையில் வந்த வாசகத்தை ஓர் எழுத்து விடாமல் அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். 404 என்று வந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது, கேட்ட பக்கம்தான் அங்கே இல்லை. 500 என்றால் சர்வருக்குள் ஏதோ ஒரு நிரல் இடறி விழுந்திருக்கிறது. அந்தப் பெயரில் தளமே இல்லை என்று பிரவுசர் சொன்னால், டொமைனைப் புதுப்பிக்கப் பணம் கட்டியாச்சா என்று முதலில் கேளுங்கள். பல நேரம் கேள்வி அங்கேயே தீர்ந்துபோகும்.

கடனா அணையில் 85 அடியும் நிறைந்திருக்கும், கடைமடை வயலில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. நீர்பாய்ச்சுகிறவர் என்ன செய்வார்? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலோடு நடப்பார். பாதித் தூரத்தில் நின்று பார்ப்பார். அங்கே தண்ணீர் ஓடினால் அடைப்பு கீழே, ஓடாவிட்டால் மேலே. வலைத்தளத்துக்கும் இதே நடைதான்: சர்வர், டொமைன், நடுவே இருக்கும் இணைப்பு, கடைசியில் அவர் கையில் இருக்கும் போன். 'பக்கத்து வீட்டுப் போனில் திறக்கிறதா?' என்ற ஒரே கேள்வியில் பாதி வாய்க்காலைக் கடந்துவிடுவீர்கள்.

கே: பத்தமடையில் கோரைப்பாய் விற்கிறோம். கடைக்கு வலைத்தளம் இருக்கிறது. நேற்று 'அப்டேட்' என்று ஏதோ வந்தது, அமுக்கினேன். இப்போது திரை முழுக்க வெள்ளையாக நிற்கிறது. கல்யாண ஆர்டர்கள் வருகிற நேரம். எல்லாம் போச்சா?
- ஒரு வியாபாரி, பத்தமடை

ப: போகவில்லை. பாய்களின் படம், விலை, வந்த ஆர்டர் எல்லாம் சர்வரில்தான் இருக்கும். புதுப்பித்த பிளகின் (துணைநிரல்) ஒன்று கோளாறாகி முழுத்தளத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறது என்பது என் ஊகம்.

உங்களுடையது வேர்ட்பிரஸ் தளம் என்றால், 2019 மே மாதம் வந்த 5.2 பதிப்பிலிருந்து ஒரு வசதி உண்டு. இப்படி நின்றுபோனால் எந்தப் பிளகின் காரணம் என்று அதுவே நிர்வாகி முகவரிக்கு மெயில் அனுப்பும், உள்ளே போகத் தனி இணைப்பும் கொடுக்கும். அந்த முகவரி யாருடையது என்று பாருங்கள். தளத்தைச் செய்து கொடுத்த தம்பி தன் முகவரியையே போட்டிருப்பார். அவர் இப்போது சென்னையிலோ துபாயிலோ இருக்கலாம், மெயில் அவர் பெட்டியில் தூங்கும். ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

அவர் கிடைக்காவிட்டால், ஹோஸ்டிங் கணக்குக்குள் போய் முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் எடுக்காமல் எதையும் தொடவேண்டாம். பிறகு, பிளகின்கள் இருக்கிற ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். தளம் எழுந்து வந்தால் கோளாறு அதற்குள்தான். நிர்வாகப் பக்கத்தில் பிளகின் பட்டியலை ஒருமுறை திறந்தால் எல்லாம் தானாக அணைந்துவிடும். இப்போது பழைய பெயரையே திரும்ப வையுங்கள். பன்னிரண்டு பிளகின் இருந்தால் ஆறை மட்டும் இயக்கிப் பாருங்கள். தளம் நின்றால் கோளாறு அந்த ஆறில், நிற்காவிட்டால் மற்ற ஆறில். அகப்பட்ட ஆறை மூன்று மூன்றாகப் பிரியுங்கள். நாலு தடவைக்குள் பிடிபட்டுவிடும்.

கே: உதவ வந்தவர் பாஸ்வேர்டு கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, கடையம்

ப: கூடாது. அதைக் கேட்கிற ஆள் உதவ வந்தவர் இல்லை.

கே: எங்கள் சங்கத்தின் பழைய கட்டுரைகள் வலைத்தளத்தில் இருந்தன. வேறு சர்வருக்கு மாற்றியதும் சில பக்கங்களில் கட்டம் கட்டமாகவும், சிலவற்றில் கேள்விக்குறியாகவும், சிலவற்றில் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளாகவும் தெரிகின்றன. இதைத் தமிழாக்கித் தர முடியுமா?
- ஒரு செயலாளர், கல்லிடைக்குறிச்சி

ப: மூன்றும் மூன்று நோய் ஐயா. கட்டம் தெரிந்தால் பயமில்லை, எழுத்து உள்ளே இருக்கிறது, பார்க்கிற கருவியில்தான் தமிழ் எழுத்துரு இல்லை. கோடு போட்ட ஆங்கில எழுத்து வந்தாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். யூனிகோடு தமிழை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 'அ' என்ற ஒரே எழுத்து மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாகப் படித்தால் இந்தக் கோலம் வரும். படிக்கும் முறையைத் திருத்தினால் தமிழ் திரும்பிவிடும். கேள்விக்குறிதான் எனக்குக் கவலை. தமிழே தெரியாத தரவுதளத்தில் சேமித்ததால் எழுத்து போய், அதன் இடத்தில் வெறும் கேள்விக்குறியே பதிவாகியிருக்கும். அங்கிருந்து மீட்க வழியில்லை. பழைய சர்வரை மூடிவிடாதீர்கள், இன்றைக்கே அதிலிருந்து நகல் எடுங்கள்.

ரொம்பப் பழைய கட்டுரைகள் என்றால் டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறையிலோ, 1999 சென்னைத் தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் முறைகளிலோ எழுதியிருப்பார்கள். தமிழ்நாடு அரசே 2010இல்தான் யூனிகோடுக்கு மாறியது. அந்தக் குழப்பக் காலத்தில் குறிமாற்றிகளை எழுதி இலவசமாகக் கொடுத்தவர்கள் தன்னார்வலர்கள். ஜெர்மனியில் இருந்த சுரதா யாழ்வாணனின் 'பொங்கு தமிழ்' மாற்றி இல்லாவிட்டால் எத்தனையோ கட்டுரைகள் இன்று வாசிக்க முடியாத குப்பையாகக் கிடந்திருக்கும். அவர் யாருக்காகச் செய்தார்? முகம் தெரியாத நமக்காக.

கே: 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று என் போனில் மட்டும் வருகிறது.
- ஒரு வாசகர், வீரவநல்லூர்

ப: போனில் இன்றைய தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு. தேதி தப்பென்றால் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும். எல்லார் போனிலும் வந்தால் தளத்துக்காரரிடம் சொல்லுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிற சான்றிதழுக்கு வழக்கமாக 90 நாள்தான் ஆயுள், புதுப்பிக்கிற ஏற்பாடு எங்கோ நின்றிருக்கும்.

கே: கம்பெனிகள் கோடி கோடியாகச் சம்பாதிக்கின்றன. அவர்கள் வேலையை நாம் சும்மா செய்து கொடுப்பதா?
- ஓர் இன்ஜினியர், தென்காசி

ப: நியாயமான கோபம். பணம் கட்டி வாங்கிய சர்வர் படுத்துவிட்டால் அதை நான் தொடமாட்டேன். அந்தக் கம்பெனிக்கு எப்படி எழுதிக் கேட்பது என்று மட்டும் சொல்லித் தருவேன். வேர்ட்பிரஸ் விஷயம் வேறு. கேட்பாரற்றுக் கிடந்த பி2 என்ற நிரலை எடுத்து மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இரண்டு பேர் 2003 மே மாதம் வெளியிட்டார்கள். கட்டற்ற மென்பொருள், யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். இன்று உலகத்து வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. அது ஊர்க்குளம் மாதிரி. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வருகிற குடிமராமத்து நமக்குப் புதிதா?

கே: தமிழில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்களா?
- ஓர் ஆசிரியை, பாபநாசம்

ப: இருக்கிறார்கள் அம்மா. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அங்கே புதியவர் சந்தேகம் கேட்கிற இடத்துக்கு 'ஒத்தாசைப் பக்கம்' என்றும், எல்லாரும் கூடிப் பேசுகிற இடத்துக்கு 'ஆலமரத்தடி' என்றும் பெயர் வைத்தார்கள். ஒத்தாசை என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, என் ஆச்சி நாளைக்குப் பத்து தடவை சொன்ன சொல். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இருக்கிறது. 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே சொல்லிக் கொடுக்கிறது. விழுப்புரத்தில் ஓர் இளைஞர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணினி கற்றுத் தருகிறது. விழுப்புரத்தில் முடிந்தது தாமிரபரணிக் கரையில் முடியாதா?

கே: பதில் வாங்கிக்கொண்டு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போகிறவர்களைப் பற்றி?
- ஒரு வாசகர், சேரன்மகாதேவி

ப: நன்றி வராவிட்டால் எனக்கு வருத்தமில்லை. 'சரியாயிட்டு' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டு, எப்படிச் சரியானது என்று சொல்லாமல் போகிறார்களே, அதுதான் தாங்கவில்லை. ஆறு மாதம் கழித்து அதே பிழையோடு வேறொருவர் தேடி வந்து, கேள்வியை மட்டும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். இரண்டே வரி போதும், தமிழில் எழுதுங்கள். பத்தமடைக்காரரே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்: கோளாறான பிளகின் பிடிபட்டதும் அதன் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.