பூசணிக்காய் ஒன்று, நிலுவை

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முயன்று பார்த்தவன் என்ற முறையில் நானும் அதையே சொல்கிறேன்: சோறு போதாது. ஐந்து மாதம் மறைத்து வைத்திருந்தேன். கடைசியில் சபைக் கூட்டத்தில், ஒலிபெருக்கி வழியாக, முழுசாக வெளியே வந்தது.

முதலில் என்னைப் பற்றி. திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய ஊர். தாத்தா உபதேசியார், அப்பா வாத்தியார். நான் வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து நேராக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அதனால் ஊரில் எனக்கு நேர்மையான மனுசன் என்று பெயர். அந்தப் பெயரில் ஒரு வசதி உண்டு. ஒருமுறை வந்துவிட்டால், அதற்குப் பிறகு நாம் நேர்மையாக இருக்கிறோமா என்று யாரும் பார்ப்பதில்லை. நாமும் பார்ப்பதில்லை.

எங்கள் சபையில் அக்டோபரில் அறுப்பின் பண்டிகை. கோயிலுக்குள் வாழைக்குலை, தென்னங்குருத்து, கரும்பு எல்லாம் கட்டி, பீடத்துக்கு முன்னால் அவரவர் கொண்டுவந்த பொருளைக் குவித்திருப்போம். தேங்காய், முருங்கைக்காய், கருப்பட்டிச் சிப்பம், நாட்டுக்கோழி முட்டை, காலைக் கட்டிப்போட்ட கோழிகள். ஐயர் பிரசங்கம் பண்ணும்போது கோழிகள் இடையிடையே குரல் கொடுக்கும். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம்: எங்கள் பக்கத்தில் ஐயர் என்றால் பாதிரியார். அவர் மனைவி ஐயரம்மா. பண்டிகை அன்று ஐயர் வீட்டில் கோழிக் குழம்பு என்று நாங்கள் சொல்வதைக் கேட்டு வெளியூர்க்காரர் யாரும் பதறக் கூடாது.

ஆராதனை முடிந்ததும் ஏலம். அதற்குப் பிறகு அசனம், அதாவது ஊர்ச் சாப்பாடு. மற்றவர்களுக்கு மதிப்புக் கொடுப்பதில் ஒருவரையொருவர் முந்த வேண்டும் என்று பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். அதில் 'முந்த வேண்டும்' என்ற பகுதியை எங்கள் ஊர் அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டது. அசனப் பந்தியில் பார்க்கலாம். ஆசீர்வாதம் சொல்லி ஐயர் கையை இறக்குவதற்குள் முதல் வரிசை இலைகளில் கைக்குட்டை விழுந்திருக்கும்.

ஏலத்திலும் முந்துவதுதான். சாதாரணத் தேங்காய் ஐந்நூறுக்குப் போகும். வாங்கியவரே அதைத் திரும்பக் காணிக்கையாக வைப்பார், மறுபடி ஏலம் போகும். யாரும் தேங்காய்க்காகக் கேட்பதில்லை, கோயிலுக்காகக் கேட்கிறோம். அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். அந்த வருடம் பண்டிகைக்கு என் மைத்துனன் சென்னையிலிருந்து வந்திருந்தான். புதுக் கார், புதுக் கண்ணாடி. மேசைமேல் ஒரே ஒரு பூசணிக்காய் இருந்தது. மஞ்சள் பூசணி, ஒன்பது கிலோ இருக்கும். வெள்ளையாக இருப்பதை நாங்கள் தடியங்காய் என்போம். அன்றைக்கு அந்தப் பெயர் வாங்கியவனுக்குத்தான் பொருந்தியிருக்கும்.

மைத்துனன் முந்நூறு என்றான். நான் முந்நூற்றைம்பது. அவன் ஆயிரம் என்று தாவினான். கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. "அத்தான், விட்டுருங்க" என்று சிரித்தான். அந்த 'விட்டுருங்க' இல்லாவிட்டால் விட்டிருப்பேன். அவன் 1,800 என்றபோது நான் 1,850 என்றேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார்ந்துவிட்டான். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். ஏலம் விட்ட அண்ணாச்சி கேட்டார்: "ரொக்கமா, எழுதிக்கிடவா?"

சட்டைப் பையில் காணிக்கைக்கு என்று மடித்து வைத்த இருபது ரூபாய்தான் இருந்தது. "எழுதிக்கிடுங்க" என்றேன், ஆயிரம் ஏக்கருக்குச் சொந்தக்காரன்போல.

என் மனைவி அப்போது கோயிலுக்குப் பின்னால் அசனப் பந்தலில் மற்றப் பெண்களோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அதைக் கர்த்தர் செய்த ஏற்பாடு என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "எவ்வளவுக்கு எடுத்திய?"

"நூத்தம்பது."

"சரி" என்றாள். அவ்வளவுதான். அந்தச் 'சரி'யை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

பூசணிக்காய் நான்கு நாளில் தீர்ந்துபோனது. முதல் நாள் சாம்பார், இரண்டாம் நாள் எரிசேரி, மூன்றாம் நாள் அக்கம்பக்கம், நான்காம் நாள் பக்கத்து வீட்டு ஆடு. கடன் மட்டும் தீரவில்லை. கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். ஆனால் 1,850 ரூபாயை மனைவிக்குத் தெரியாமல் எடுக்க வேண்டும். ஓய்வூதியக் கணக்குப் புத்தகமோ அவள் கையில். நூற்றைம்பது போக மீதி 1,700 எதற்கு என்று கேட்டால் இன்னொரு பொய் வேண்டும். பொய்யும் வங்கிக் கடன் மாதிரிதான். முதல் தவணையைக் கட்ட இரண்டாவது கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

மனச்சாட்சிக்குப் பதில் சொல்லும் கலையில் இந்த ஐந்து மாதத்தில் நல்ல தேர்ச்சி பெற்றேன். அது திருட்டு இல்லை, தாமதம். கொடுக்க வேண்டியது மனுசனுக்கு இல்லை, கர்த்தருக்கு. அவர் நீடிய சாந்தமுள்ளவர். அவருக்கு ஆயிரம் வருடம் ஒருநாள்போல என்றால், ஐந்து மாதம் எத்தனை வினாடி வரும் என்று ஒரு பிரசங்கத்தின் நடுவில் கணக்குப் போட்டும் பார்த்தேன். சுமார் 36 வினாடி. அதற்குப் போய் யாராவது கோபிப்பார்களா?

இப்படி இருக்கும்போதுதான் ஆண்கள் ஐக்கிய சங்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். தலைப்பு: கிறிஸ்தவனின் நேர்மை. மறுத்திருக்கலாம். நேர்மையான மனுசன் எப்படி மறுப்பது?

சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றிப் பேசினேன். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர். 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்து குளோரிந்தா அம்மாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். 1779-இல் ஐதர் அலியிடம் தூது போக, கிழக்கிந்தியக் கும்பினியார் தங்கள் ஆட்களில் ஒருவரையும் அனுப்பாமல் இவரைத்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். கும்பினியின் பேச்சை நம்பாத ஐதர் அலி இவர் பேச்சை நம்பினார். வழிச்செலவுக்கு என்று ஐதர் கொடுத்த பணத்தைக்கூட இவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பிறகு போர்க்காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். நெல் கொண்டுவாருங்கள், காசு தருகிறோம் என்று அரசரும் கும்பினியும் சொன்னதைக் குடியானவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சுவார்ட்ஸ், நான் பொறுப்பு என்று சொன்னார். மாடுகளும் நெல்லும் வந்து சேர்ந்தன. சொன்னபடி எல்லாருக்கும் பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார். அவர் பாதுகாப்பில் வளர்ந்த தஞ்சை மன்னர் சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். அந்தச் சரபோஜிதான் 1798-இல் சுவார்ட்ஸ் இறந்த பிறகு இலண்டனில் பளிங்குச் சிற்பம் செய்யச் சொல்லித் தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கோயிலில் வைத்தார்.

பேசி முடித்தபோது என் கண்ணே கலங்கிவிட்டது. "யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். பனையேறிப் பனையேறி மார்பு காய்த்துப்போனவர். ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "அந்த நெல்லு கடனுக்கு வாங்குனதுதான? காசு எத்தனை மாசத்துல கொடுத்தாரு ஐயா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. எல்லாரும் பாட்டுப் புத்தகத்தை எடுத்து இல்லாத பக்கத்தைத் தேடினார்கள்.

மார்ச்சில் சபைக் கூட்டம். எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற டீச்சர், 75 வயது. எனக்கு மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். நிலுவைப் பட்டியலை வாசிக்க எழுந்தார். யார் பெயரையும் சபையில் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது என்பதில் டீச்சர் கண்டிப்பானவர். அதனால் பெயர்களை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் வாசித்தார்.

"நாட்டுக்கோழி ஒன்று, ரூபாய் 900, நிலுவை."

அன்றைக்கு ஏலம் போன கோழி பதினொன்று. வாங்கிய பதினொரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பூசணிக்காய் ஒன்று, ரூபாய் 1,850, நிலுவை."

பூசணிக்காய் ஒன்றுதான் ஏலம் போனது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பாடகர் குழு, தொட்டில் பிள்ளை எல்லாம் என்னைப் பார்த்தன. டீச்சருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. முகம் வெளுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, அவசரமாக அடுத்த வரிக்குத் தாவினார். கோழி வாங்கியிருந்தால் தப்பித்திருப்பேன்.

அன்று சாயங்காலமே பணத்தோடு டீச்சர் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்டார். "தம்பி, நான் யோசிக்காம வாசிச்சுட்டேன். ரெண்டு நாளா ரோசனைதான். உன் பேரை வாசிச்சா உனக்கு அவமானம். பூசணிக்காயை வாசிக்காட்டா கணக்குக்கு அவமானம். ரெண்டையும் காப்பாத்தணும்னு பாத்தேன். பூசணிக்காய் ஒண்ணே ஒண்ணுன்னு மறந்துட்டேன்."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஐந்து மாதமாக நான் என் மானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே மானத்துக்காக இந்த அம்மா இரண்டு நாள் தூங்காமல் இருந்திருக்கிறார், கணக்கையும் கைவிடவில்லை. அவர் சுவரில் அசரியா பேராயரின் பழைய படம் ஒன்று தொங்கியது. பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனெரிகள் கூடிய மாநாட்டில் அவர்கள் முகத்துக்கு நேரே, நீங்கள் எங்களுக்கு எவ்வளவோ கொடுத்தீர்கள், நட்பை மட்டும் கொடுக்கவில்லை, இனி நண்பர்களாக வாருங்கள் என்று கேட்டவர். குறையைச் சொல்லிவிட்டு, சொன்ன வாயாலேயே உறவும் கேட்பது லேசான காரியமா? நானாக இருந்தால் மேடையில் காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு இறங்கி, ஊருக்கு வந்து திட்டியிருப்பேன்.

டீச்சர் பணத்தை இரண்டுமுறை எண்ணினார். 34 வருடம் நோட்டு எண்ணியவன் நான், என் நோட்டை இரண்டுமுறை எண்ணினார். நடுவில், "இரு, உலை கொதிக்கு" என்று உள்ளே போனார். களைந்த அரிசியை உலையில் போடுவதற்கு முன்னால் அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி எடுத்து, மூலையிலிருந்த சின்னப் பானையில் போட்டார். கோயிலுக்கான கைப்பிடி அரிசி. ஒற்றை ஆளுக்குச் சமைப்பவர். அந்தப் பிடியை யாரும் எண்ணுவதில்லை, நோட்டில் எழுதுவதில்லை, ஏலம் விடுவதில்லை. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து எண்ணாமல், நோட்டுகளை முதலிலிருந்து எண்ணினார்.

ரசீதை வாங்கிக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை வந்தவனுக்கு நாக்கு அரித்தது. "டீச்சர், அந்தக் கோழி யாருது?"

"கோழி கோழியோடது" என்று சொல்லிக் கணக்கு நோட்டை மூடினார். மூன்றாம் வகுப்பில் பார்த்த அதே பார்வை. பேசாமல் செருப்பை மாட்டினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நூற்றைம்பது இல்லை, 1,850 என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்பம்?"

"அன்னைக்கே. பந்தலுக்கு ஒரு குழாய் கட்டியிருந்தாங்கள்லா? மூணு தரமும் கேட்டுச்சு."

"பிறகு ஏன் ஒண்ணும் கேக்கல?"

"அனனியா விலையக் குறைச்சுச் சொன்னாரு. சப்பீராளும் அதையே ஆமான்னு சொன்னா. ரெண்டு பேரும் செத்துப் போனாவ. நான் 'சரி'ன்னுதான் சொன்னேன், 'ஆமா'ன்னு சொல்லல, பாத்தியளா?"

கொஞ்சநேரம் வீட்டில் சத்தமே இல்லை. பிறகு அவள் கீரைத்தண்டை ஒடித்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஆமா, அந்தக் கோழி யாருதாம்?"

நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்பதையும், டீச்சரின் கணக்கு நோட்டுக்கு மரியாதையாக, இங்கேயே எழுதிவைத்துவிடுகிறேன்.