கதவுக்குள்ளே கச்சேரி

கேள்வி: புது கார். கம்பெனி ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டுகூடத் தகரமாக ஒலிக்கிறது. டிக்கியில் பெரிய ஊஃபர் வைக்கச் சொல்கிறார் கடைக்காரர். வைக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வைத்தால் உங்களைவிடப் பின்னால் வரும் பஸ் டிரைவர் நன்றாக ரசிப்பார், நம்பர் பிளேட் தாளம் போடும். முதலில் கதவைக் கவனியுங்கள். தகரமாக ஒலிப்பதற்குக் காரணம், அங்கே இருப்பது தகரமேதான்! ஸ்பீக்கரின் முதுகுப்பக்கச் சத்தம் கதவின் ஓட்டைகள் வழியே வெளியே வந்து, முன்பக்க பேஸை அடித்துப்போடுகிறது. பியூட்டைல் ஷீட் ஒட்டி ஓட்டைகளை அடையுங்கள். காணாமல்போன பேஸில் கணிசமான பங்கு வீடு திரும்பும்.

பிறகு முன்கதவுகளுக்கு மட்டும் ட்வீட்டர் தனியாக வரும் காம்பொனென்ட் செட். பின்சீட்டுக்குச் செலவு எதற்கு? அங்கே உட்காருகிறவர்கள் பாட்டையா கேட்கிறார்கள், ‘சத்தத்தைக் குறை’ என்றல்லவா சொல்கிறார்கள்!

அட்டைப்பெட்டியில் மின்னும் ‘300 வாட்ஸ்’ பெரும்பாலும் பீக் கணக்கு, அதாவது தேர்தல் வாக்குறுதி. தொடர்ந்து தாங்கும் பவரான ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் மாறினால் கடையை மாற்றுங்கள். முக்கியமாக, ஒயரை வெட்ட விடாதீர்கள்; உங்கள் மாடலுக்கான கப்ளர் வாங்கிச் செருகச் சொல்லுங்கள். வெட்டிய ஒயரைப் பார்த்தால் சர்வீஸ் சென்டரில் வாரண்டி பேச்சே எடுபடாது.