ஆற்றங்கரை மிஸ்டர்

சுமத்ராவின் புக்கிட் லாவாங்கில் வெள்ளைக்காரர் யாராக இருந்தாலும் மிஸ்டர்தான். வெள்ளைக்காரி வந்தாலும் பொடிசுகள் ‘ஹலோ மிஸ்டர்’ என்றுதான் ஓடிவரும். மூன்று நாளில் மூட்டை கட்டிவிடுகிற மிஸ்டரைப் பற்றி இங்கே பேச்சில்லை. மூன்று நாளுக்கென்று வந்து, நான்காம் நாள் காலை ஆற்றைப் பார்த்துக் காபி குடித்தபடி, “இந்த மனை என்ன விலை போகும்?” என்று கேட்டுவிட்டவர் இருக்கிறாரே, அவர்தான் நம் ஆள்.

கேட்கத் தோன்றும்தான். மேடான் நகரிலிருந்து 90 கிலோமீட்டர் சொச்சம், பாமாயில் தோட்டங்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கி வந்தால் ஊர். அடியில் கல் தெரிய ஓடும் பஹோரோக் ஆறு. அதை ஒட்டி குனுங் லெசர் தேசியப் பூங்காவின் காடு. தொங்குபாலம், டயர் டியூபில் மிதந்து வரும் பிள்ளைகள், மாலையானால் கித்தார். 1973இல் இரண்டு சுவிஸ் பெண்மணிகள் இங்கே ஒராங்குட்டான் மறுவாழ்வு நிலையம் தொடங்கினார்கள். வீடுகளில் கூண்டுக்குள் கிடந்த குட்டிகளைக் காட்டில் பிழைக்கப் பழக்கி அனுப்பிய இடம் அது. ஒராங்குட்டான்கள் தேறிக் காட்டுக்குள் போய்விட்டன. மிஸ்டருக்கு அப்படியொரு நிலையம் இன்னும் யாரும் தொடங்கவில்லை.

அவருடைய முதல் கணக்கு கைபேசியில் நடக்கும். ரூபியாவில் சைபருக்குப் பஞ்சமில்லை. இருப்பதிலேயே பெரிய நோட்டு ஒரு லட்சம். நம் காசுக்கு ஐந்நூறு சொச்சம். விலையைக் காதால் கேட்கும்போது அவருக்கு நெஞ்சு அடைக்கும். யூரோவுக்கு மாற்றிப் பார்த்ததும் முகம் மலரும். அந்த மலர்ச்சியை அவர் தங்கியிருக்கும் விடுதிக்காரர் பார்த்துவிடுவார். அதன் பிறகு விலை குறைந்ததாகச் சரித்திரம் இல்லை.

“பாங், இது யாருடைய நிலம்?” அண்ணன் முறையில் இருப்பவரை மேடான் பக்கம் ‘பாங்’ என்பார்கள். மிஸ்டர் இரண்டாம் நாளே பிடித்துக்கொண்ட சொல்.

“என் சம்சாரத்தோட சித்தப்பா நிலம், மிஸ்டர்.”

“பத்திரம் இருக்கிறதா?”

“கிராமத் தலைவர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கு.”

“அது போதுமா?”

“எங்களுக்கு இத்தனை வருஷமாப் போதுமாத்தான் இருந்தது.”

இதில் பொய் ஒன்றுமில்லை என்பதுதான் விசேஷம்.

இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ‘ஹாக் மிலிக்’ எனும் முழு உரிமை குடிமக்களுக்கு மட்டுமே. முறைப்படி குடியிருக்கும் வெளிநாட்டவருக்கு ‘ஹாக் பாகாய்’ என்று குறிப்பிட்ட காலத்துக்கு அனுபவ உரிமை உண்டு. அதற்கு ஏகப்பட்ட காகிதம் வேண்டும். வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி தொடங்கலாம் என்றால் முதலீட்டுத் திட்டம் 1,000 கோடி ரூபியாவைத் தாண்ட வேண்டும். நம் காசுக்கு ஐந்து கோடிக்கு மேல். நாலு அறையும் ஒரு வலை ஊஞ்சலும் போட வந்த மனிதர் ஐந்து கோடிக்கு எங்கே போவார்? ஆக, விடுதிக்காரர் பெயரில் பினாமி.

பினாமி என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மிஸ்டருக்கு மட்டும் அது தானே கண்டுபிடித்த தந்திரம் போலத் தெரியும். பிளாஸ்டிக் உறையொன்றில் நாலைந்து காகிதம் வைத்திருப்பார். விடுதிக்காரர் அவரிடம் கடன் வாங்கியதாக ஒன்று, அந்தக் கடனுக்கு ஈடாக நிலத்தை வைத்ததாக ஒன்று, அதே நிலத்தை அவருக்கே குத்தகைக்கு விட்டதாக ஒன்று, விற்பதற்குப் பவர் கொடுத்ததாக ஒன்று. ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் ரூபியா முத்திரை வில்லை. கையெழுத்தில் பாதி வில்லை மேலும் பாதி தாள் மேலுமாக ஓடியிருக்கும். ஆற்றங்கரை ஈரத்தில் வில்லையின் ஓரம் கிளம்பி நிற்கும். கட்டைவிரலால் அதை அழுத்தி அழுத்தி ஒட்டிக்கொண்டே, “நூற்றுக்கு நூறு பாதுகாப்பு” என்பார். வெளிநாட்டவருக்கு நேராகவோ சுற்றிவளைத்தோ முழு உரிமையைக் கைமாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணம் திரும்பாது என்று அதே 1960ஆம் வருஷச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் உறையில் யாரும் வைக்கவில்லை.

சிலர் காதலித்துக் கல்யாணமே செய்துகொண்டு மனைவி பெயரில் வாங்குகிறார்கள். சொத்து தனித்தனி என்று ஒப்பந்தம் போடாவிட்டால் அங்கும் சிக்கல்தான். அந்த ஒப்பந்தத்தை எடுத்து நீட்ட எந்த மாமனார் வீட்டு விருந்திலும் நல்ல நேரம் வாய்ப்பதில்லை.

இனிக் கட்டடம். மேஸ்திரி வருவார், மரம் வரும், ஆணி வராது. ஆணி வரும்போது நோன்பு மாதம் வந்துவிடும். பெருநாள் முடிந்ததும் மேஸ்திரியின் மைத்துனிக்குக் கல்யாணம். அதற்கும் மிஸ்டர்தான் மொய் வைப்பார், கொஞ்சம் கூடுதலாகவே. ஒருவழியாகக் கூரை ஏறியதும் மழைக்காலம். மழை விட்டதும் கரையான். இரவுக் காவலுக்கு விடுதிக்காரரின் ஒன்றுவிட்ட தம்பி. தோட்ட வேலைக்கு அந்தத் தம்பியின் அம்மா. படகுக்குப் பதில் டியூப் கொண்டுவந்து தருபவர் அம்மாவின் அண்ணன். மாதம் பிறந்தால் எல்லாருக்கும் சம்பளம். விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும், குரங்கு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு போனாலும், சம்பளம் நிற்காது. முதலீடு செய்தது தான் என்று மிஸ்டர் நம்பிக்கொண்டிருக்கிறார். ஊர்தான் அவர் மேல் முதலீடு செய்திருக்கிறது. காபியும் சிரிப்பும் போட்டு, தவறாமல் மாத வருமானம் எடுக்கிறது. நான் பார்த்த தொழில்களில் நஷ்டமே இல்லாதது இது ஒன்றுதான்.

விசாவைச் சொல்ல மறந்தேன். வந்திறங்கி வாங்கும் விசா 30 நாள்; நீட்டித்தால் இன்னொரு 30. அது முடிந்தால் மேடானிலிருந்து பினாங்குக்கு ஒரு விமானம், திரும்பி வந்து மறுபடி விசா. ஆக, நம் நிலச்சுவான்தார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சொந்த நிலத்துக்குச் சுற்றுலாப் பயணியாக வந்து சேருகிறார்.

இந்தப் பக்கத்துக்கு முதலீட்டாளர் புதிதல்ல. 1863இல் நியென்ஹூய்ஸ் என்ற டச்சுக்காரர் மேடான் பக்கத்து டெலிக்கு வந்து, சுல்தானிடம் நிலம் வாங்கிப் புகையிலை போட்டார். அவருக்கு விசாத் தொல்லை இல்லை. அந்தத் தோட்டங்களுக்குக் கூலியாக வந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. மேடானில் மாரியம்மன் கோயில் அவர்கள் எழுப்பியதுதான். அவர்களிடம் யாரும் ஆற்றங்கரை மனை பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை. முதலாளியாக வந்த வெள்ளைக்காரரின் பேரன் சம்பளம் கொடுக்க அலைவதைப் பார்த்தால், வரலாறு கொஞ்சம் நேர்மையாகத்தான் கணக்குத் தீர்க்கிறதோ என்று ஒரு கணம் தோன்றும். பாவம், இவர் நல்ல மனிதர். அதனால் சத்தமாகச் சொல்வதில்லை.

மனைக்கு விலை கேட்கத் தெரிந்தவருக்கு இன்னொரு கேள்வி கேட்கத் தெரிவதில்லை: இவ்வளவு அழகான இடம் எப்படிக் காலியாகக் கிடக்கிறது? 2003 நவம்பர் 2ஆம் தேதி இரவு பஹோரோக்கில் திடீர் வெள்ளம் வந்தது. மலையில் மரம் வெட்டியதைத்தான் பலரும் காரணமாகச் சொன்னார்கள். மரக்கட்டைகளும் பாறைகளும் தண்ணீரோடு வந்து கரையோர விடுதிகளையும் கடைகளையும் வீடுகளையும் வாரிக்கொண்டு போயின. 200 பேருக்கு மேல் மாண்டார்கள். வெளிநாட்டுப் பயணிகளும் அதில் அடக்கம். கேட்டால் ஊரில் யாரும் மறைப்பதில்லை. தண்ணீர் எதுவரை வந்தது என்று கையை உயர்த்திக் காட்டுவார்கள். அந்தக் கையைப் பார்க்க நாம் தலையை நிமிர்த்த வேண்டியிருக்கும். நகரத்துக்கு வெளியே கரை கட்டாத ஆறு என்றால் சின்ன ஆற்றுக்கு 50 மீட்டர், பெரிய ஆற்றுக்கு 100 மீட்டர் ஒதுங்கிக் கட்ட வேண்டும் என்று 2011ஆம் வருஷ அரசு விதியும் இருக்கிறது. மிஸ்டரின் வலை ஊஞ்சலில் காலை நீட்டினால் கட்டைவிரல் தண்ணீரைத் தொடும். அதைத்தான் அவர் விளம்பரத்திலும் போட்டிருக்கிறார்.

ஆனால் அவரை ஏமாளி என்று ஒதுக்கிவிட முடியாது. இத்தனைக்குப் பிறகும் காலையில் ஆற்றுக் குளிர் ஏறிவரும்போது, கிளை முறித்துக்கொண்டு தாய் ஒராங்குட்டான் ஒன்று குட்டியோடு கடக்கும்போது, அவர் முகம் கணக்குப் பார்க்கும் முகமல்ல. அதுவரை எல்லாம் சரி. சிக்கல் அதற்கு அடுத்த நிமிடம், உங்களைப் பார்த்து அவர் ஆரம்பிக்கும்போது: “பக்கத்து மனை காலியாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு என்றால் பேசித் தருகிறேன்.”

அதனால், போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். அறை வாடகை மலிவு, மீன் வறுவல் பிரமாதம், டியூபில் ஒருமுறை ஏறாமல் வராதீர்கள். மழை பிடித்தால் மேட்டில் இருக்கிற அறையாகப் பார்த்து மாறிக்கொள்ளுங்கள். மிஸ்டர் பிளாஸ்டிக் உறையைத் திறந்தால் மட்டும் அவர் காபிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.