அரைப்புள்ளியின் சுவர் உரிமை: சிராங்கூன் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

நோக்கம்

இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நிற்கும் அரைப்புள்ளி எந்த வாக்கியத்துக்குச் சொந்தம் என்னும் வினாவைத் தமிழாய்வுலகம் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. பார்க்காததற்குத் தக்க காரணம் இருக்கலாம். அது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

வரலாறு

இக்குறி 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூட்டியஸின் அச்சுக்கூடத்தில் பிறந்தது. அப்போது நம்மவர் ஓலையில் எழுதிக்கொண்டிருந்தனர். ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்க அஞ்சியவர்கள், புள்ளிக்குக் கீழே வாலும் இழுப்பார்களா? யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) அச்சுக் காலத்தில் நிறுத்தக்குறிகளை உரைநடைக்குப் பழக்கினார். சிங்கப்பூரில் 1887இல் ‘சிங்கைநேசன்’ வார இதழும், 1935இல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ம் வந்தபின் அச்சுத்தமிழ் இவ்வூரில் நிரந்தரவாசி ஆனது. அரைப்புள்ளியோ இன்னும் சுற்றுலா விசாவில்தான் இருக்கிறது.

இலக்கணம்

காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைப்புள்ளிக்கு இரண்டு, முக்காற்புள்ளிக்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நான்கு என்பது பள்ளிக்கூடக் கணக்கு. மாத்திரையாவது கண்ணிமைக்கும் நேரம். ஆகவே அரைப்புள்ளியை முறைப்படி வாசிப்பவர் இருமுறை கண் சிமிட்டியாக வேண்டும். பொதுவிடத்தில் இதைச் செய்து காட்ட ஆய்வாளருக்குத் துணிவில்லை.

தமிழில் இக்குறிக்கு வேலை குறைவாக இருப்பதற்கு வினையெச்சமே காரணம். “தேக்கா சந்தைக்குப் போய், மீன்காரரிடம் பேரம் பேசி, தோற்று, அதையே வாங்கி வந்தார்” என்று ஒரே வினைமுற்றில் ஒரு காலைப்பொழுதை முடித்துவிடுகிறோம். அரைப்புள்ளி நுழைய வேண்டுமானால் இருபுறமும் வினைமுற்றோ வேறு பயனிலையோ வேண்டும். இரண்டும் தனித்து நிற்கும் வாக்கியங்களாகவும் இருக்க வேண்டும். “ரெண்டு பரோட்டா, ஒரு தே ஓ” என்பது செல்லாது. அங்கே வாக்கியம் இல்லை, பசிதான் இருக்கிறது.

களச்சான்று

சிராங்கூன் சாலையில், லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் இவ்விதியைச் செங்கல்லில் எழுதி வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனி மாடி, தனிக் கல்லா. நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். சுவரை இடித்துக் காற்புள்ளி வைத்தால், காசு யார் கல்லாவில் விழுந்ததென்று வழக்கு வரும். சந்து விட்டு முற்றுப்புள்ளி வைத்தால், 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து தொடரும் ஐந்தடி நடைபாதை அறுந்து, மழைக்கு ஒதுங்கியவர் நனைவார். எனவே அரைப்புள்ளி இருவருக்கும் சொந்தமான பொதுச்சுவர் என்பது நிறுவப்பட்டது.

எதிர்க்கொள்கையும் மறுப்பும்

சுவர் எதற்கு, ‘ஆகவே’ என்று ஒரு கதவு வைத்தால் போதாதா என்பர் ஒரு சாரார். கீழ்க்காணும் வாக்கியத்தைக் காண்க: “முதலாளி ஊருக்குப் போயிருக்கிறார்; கடையில் எல்லாரும் சிரித்த முகமாக இருக்கிறார்கள்.” இங்கே ‘ஆகவே’ என்று எழுதியவர் முதலாளி திரும்பியதும் வேறு வேலை தேட வேண்டிவரும். அரைப்புள்ளி போட்டவரோ இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததோடு சரி. தொடர்பைக் கண்டுபிடித்தவர் வாசகர், விசாரணையும் அவருக்கே. 1992இல் சூயிங்கம் விற்பனைக்கே தடை போட்ட ஊரில், எழுதுகிறவருக்கு இதைவிடப் பத்திரமான குறி வேறில்லை.

ஆய்வின் வரம்பு

கிரேக்க மொழியில் இதே வடிவம் வினாக்குறி. துறைமுகத்தில் இறங்கும் கிரேக்க மாலுமி எவரேனும் இக்கட்டுரையைப் புரட்டினால், ஆய்வாளர் எதிலும் உறுதியில்லாதவர் என்று எண்ணக்கூடும்.

முடிவு

இங்கு கண்ட முடிவுகள் ஐயத்துக்கு இடமற்றவை. ஆய்வைத் தொடர மேலும் நிதி தேவைப்படுகிறது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டென்று ஆய்வாளர் எங்கும் சொல்லவில்லை.