கயிறு பிடித்தவர்

மேடையில் பொன்னாடை வாங்கும் ஒவ்வொரு முன்னாள் வீரருக்கும் பின்னால், அரையடி தள்ளி, படத்தில் முகம் விழுகிற மாதிரி ஒருவர் நிற்பாரே, அவரைத்தான் சொல்கிறேன். பழைய மாணவர் சங்கத்தில் அவருக்குப் பதவி ஏதும் இல்லை. கல்லூரியில் படித்த மூன்று வருஷத்தில் ஓடியதில்லை, தாண்டியதில்லை, குண்டைத் தூக்கி ஓரமாக வைத்ததுகூட இல்லை. ஆனாலும் எங்கள் கல்லூரி வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாமியானா கட்டி, பழைய விளையாட்டு வீரர்களையும் கோச்சுகளையும் கௌரவிக்கும்போது, மைக் எப்படியோ அவர் கைக்குப் போய்விடும்.

காரணம், அவர் கயிறு பிடித்தவர்.

கயிறு திரிப்பவர் என்று அவசரப்பட்டுப் படித்துவிடாதீர்கள். அதுவும் உண்டு, பின்னால் வருகிறேன். எழுபதுகளின் ஆரம்பத்தில் எங்கள் ஸ்போர்ட்ஸ் டேயில், நூறு மீட்டர் முடிகிற இடத்தில் கோட்டுக்கு மேலே குறுக்காகப் பிடிப்பார்களே, அந்தக் கயிறு. கயிறு என்று பெயர்தானே தவிர, பி.டி. சார் கடைத்தெருவில் வாங்கிவரும் சிவப்புக் கம்பளி நூல். அதன் ஒரு முனையை மூன்று வருஷமும் பிடித்தது இவர். மறுமுனையைப் பிடித்தவர் யார் என்று கேட்டால், "யாரோ ஒருத்தன்" என்பார்.

"அண்ணன் 10.8ல வந்தார்னு இவ்வளவு நேரம் சொன்னாங்க. வாஸ்தவம். அந்த 10.8 யார் கையில முடிஞ்சுது? இந்தக் கையில!" என்று வலது கையைத் தூக்கிக் காட்டுவார். கையில் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். பொன்னாடை போர்த்திய அண்ணனும் பார்ப்பார், பாவம்.

அடுத்து செய்முறை விளக்கம். "கயிறு பிடிக்கிறது சும்மா இல்ல. இறுக்கிப் பிடிச்சா ஓடி வர்றவன் நெஞ்சை அறுத்துடும். தளர விட்டா தொப்புளுக்கு எறங்கிடும். விரல் நுனியில பிடிக்கணும். நெஞ்சு பட்டுச்சா, விட்டுடணும். யோசிக்கக் கூடாது. யோசிச்சா கயிறு பிடிக்க முடியாது."

விதிப்புத்தகத்தில் கயிற்றுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. ஓடுகிறவரின் மார்பு எல்லைக் கோட்டை எட்டுவதுதான் கணக்கு. கயிறு, நடுவர் கண்ணுக்கு ஓர் ஒத்தாசை, அவ்வளவே. நேரத்தைப் பிடித்தது மூன்று ஸ்டாப் வாட்ச். மூன்றும் மூன்று விதமாகக் காட்டினால் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்வார்கள். ஒரு வாட்ச் பி.டி. சார் கையில், இன்னொன்று கெமிஸ்ட்ரி புரொபசர் கையில். அந்தப் புரொபசர் வருஷா வருஷம் விழாவுக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, போண்டா சாப்பிட்டுவிட்டு வாய் திறக்காமல் போகிறார். நாகரிகம் என்றால் அது.

ஒருமுறை நான் பொறுக்க மாட்டாமல், "கையால எடுத்த நேரத்தை எலக்ட்ரானிக் நேரத்தோட ஒப்பிடணும்னா 0.24 செகண்ட் கூட்டணும் சார். நம்ம 10.8 இன்னிக்கு 11.04" என்றேன். அவர் அசரவில்லை. "கூட்டுறது கழிக்கிறதெல்லாம் வாட்ச்காரங்க பாடு. கயிறு எப்பவும் கயிறுதான்."

இதோடு விட்டால் பரவாயில்லை. 1984 லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விடுவார். 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷாவுக்கு 55.42 செகண்ட். மூன்றாவதாக வந்த ருமேனியக்காரிக்கு 55.41. நூறில் ஒரு பங்கில் வெண்கலம் போனது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாததை இவர் சொல்வார்: "போட்டோவைப் பாத்து முடிவு பண்ணினாங்க. போட்டோவுக்கு என்ன தெரியும்? அங்க நான் கயிறு பிடிச்சிருந்தா, எந்த நெஞ்சு முதல்ல பட்டுச்சுன்னு விரல் சொல்லியிருக்கும்." கைதட்டல் விழும். உற்சாகம் தாங்காமல் 1960 ரோமுக்கும் போவார். மில்கா சிங் 45.6, மூன்றாவது வந்தவர் 45.5. இங்கே மட்டும் குரல் இறங்கும். "அப்போ நான் ஒண்ணாங்கிளாஸ்" என்பார், அந்தப் பதக்கம் போனதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

விழா முடிந்ததும் மிச்சமிருக்கும் மாலைகளையும் பழங்களையும் பையில் போட்டுக்கொண்டு போகிற வழக்கமும் உண்டு. அதை விடுங்கள். என் எரிச்சலுக்குக் காரணம் வேறு. முதல்முறை அறிமுகமானபோது, "தம்பி எதுல?" என்று கேட்டார். எண்ணூறு மீட்டரில் நாலாவது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கயிறு அறுந்ததுக்கப்புறம் வந்தவங்களை நான் பாக்கிறதில்ல தம்பி."

ஆனால் ஒன்று. போன வருஷம் பி.டி. சாருக்கே பாராட்டு. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் படித்தவர். ஹாரி குரோ பக் 1920ல் தொடங்கிய அந்த உடற்கல்விக் கல்லூரியைப் பற்றி, குலதெய்வக் கோயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார். இப்போது எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம், கண்ணும் சரியில்லை. எதிரில் வந்து கும்பிடுகிற வழுக்கைத் தலைகளில் எது யார் என்று தெரியாமல் விழித்தார். கயிறு பிடித்தவர்தான் பக்கத்தில் குனிந்து அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். "சார், இது டிரிபிள் ஜம்ப், ரெண்டாவது வருஷம் கால் உடைஞ்சுதே... இது ரிலேல பேட்டனைக் கீழ போட்டவன் சார்..." ஒரு பெயர் தவறவில்லை, ஒரு வருஷம் தவறவில்லை. கல்லூரியின் விளையாட்டுப் பதிவேடுகளைக் கரையான் தின்று பல காலம் ஆகிறது. யாரைக் கூப்பிடுவது என்று விழாக் குழு வருஷா வருஷம் போன் போட்டுக் கேட்பது இவரைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பி.டி. சார் கேட்டது ஒரே கேள்வி. "கிரவுண்ட் எங்கடா?"

நாங்கள் உட்கார்ந்திருந்ததே கிரவுண்டில்தான். மிச்சமிருந்த கிரவுண்டில். நூறு மீட்டர் ஓடிய இடத்தில் மூன்று மாடிக் கட்டடம், அதன் பக்கத்தில் வரிசையாகக் கல்லூரிப் பஸ்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஓட்டத்துக்குச் சால்வை வாங்கக் காசு இருக்கிறது. இன்றைக்கு ஓட வரும் பிள்ளைக்கு நேராக நூறு மீட்டர் மண் இல்லை. விடியற்காலையில் எழுந்து சுண்ணாம்பால் கோடு போட்ட மார்க்கருக்கு எந்த வருஷமும் யாரும் சால்வை வாங்கியதில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. இதையெல்லாம் மைக்கில் சொல்ல ஆளில்லை. மைக்தான் கயிற்றுக்காரரிடம் இருக்கிறதே.

கடைசியில் பழைய புகைப்படங்கள் மாட்டிய அறைக்குத் திறப்பு விழா. வாசலில் சிவப்பு ரிப்பன். ஒரு முனையைக் கம்பியில் கட்டிவிட்டார்கள். மறுமுனையைக் கட்ட ஒன்றும் அகப்படாததால், பிடித்துக்கொள்ள யாராவது வாருங்கள் என்றார்கள். வேறு யார் போவார்? போய் நின்றார். வலது கை, நெஞ்சு உயரம், விரல் நுனி. முகத்தில் அப்படி ஒரு கவனம், அவரிடம் நான் அதுவரை பார்த்ததில்லை. தலைமை விருந்தினர் நல்ல வாட்டசாட்டமான மனிதர். கத்தரிக்கோல் இன்னும் தாம்பாளத்தில் பின்னால் வந்துகொண்டிருந்தது. படம் எடுக்கிறவர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி சார்" என்றார். விருந்தினர் ஓரடி முன்னால் வைத்தார். வயிறு ரிப்பனில் பட்டது.

கயிறு பிடித்தவர் யோசிக்கவில்லை, விட்டுவிட்டார்.

ரிப்பன் பறந்துபோய் விருந்தினர் இடுப்பில் சுற்றிக்கொண்டது. பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். சத்தமே இல்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த பி.டி. சார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டைம் என்னடா?" என்றார்.